லேசாக மாற்றிய பைக்குக்கு எந்த ஃப்யூவல் டியூனர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைலன்சர் மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். டியூனர் கட்டாயம் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டியூனர் என்பது இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அளவை மாற்றும் பெட்டி அல்லது சாஃப்ட்வேர். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றுவதைத்தான் ஸ்லிப்-ஆன் என்கிறோம். எக்ஸாஸ்ட்டில் பெரிய தடை கன்வெர்ட்டர்தான். அது இருந்த இடத்திலேயே இருக்கும்வரை இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவு கொஞ்சம்தான் மாறும், அதைக் கம்பெனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சமாளித்துவிடும். சத்தம் கூடியதால் வண்டி வேகமாகிவிட்டது போலத் தோன்றும். அது காதின் வேலை.

கன்வெர்ட்டரோடு சேர்த்து முழு எக்ஸாஸ்ட்டையும் மாற்றினாலோ, ஏர்பாக்ஸின் ஸ்நார்க்கலை (காற்று நுழையும் குறுகிய குழாய்) கழற்றிவிட்டு அதிகக் காற்று விடும் ஃபில்டர் போட்டாலோ நிலைமை வேறு. இரண்டும் சேர்ந்தால் டியூனர் பற்றி நிச்சயம் யோசிக்கலாம். கேம், பெரிய பிஸ்டன், போர்ட்டிங் என்று போனால் அது லேசான மாற்றம் இல்லை. அதற்கு டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, முழு மேப்பும் (எங்கே எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

காற்று கூடினால் ஈசியூவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளாதா?

சில இடங்களில் கூட்டிக்கொள்ளும், சில இடங்களில் அதற்குத் தெரியவே தெரியாது. டியூனர் தேர்வின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பைக் ஈசியூக்களில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் அரிது. இரண்டு வழிகளில் அது காற்றைக் கணக்கிடுகிறது. ஒன்று, இன்டேக் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து. மற்றொன்று, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற இரண்டை அடிப்படையாக வைத்து; காற்றின் வெப்பத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் அதன்மேல் திருத்தம் மட்டும். பல பைக்குகளில் சிறு த்ராட்டிலில் முதல் வழியும் பெரிய த்ராட்டிலில் இரண்டாவது வழியும் நடக்கும். இரண்டாவது வழியில் ஈசியூ பார்ப்பது கம்பெனி எழுதிவைத்த அட்டவணையை மட்டுமே. நீங்கள் பைப்பை மாற்றியது அதற்கு எந்த வழியிலும் தெரியாது. முதல் வழியிலும் முழுதாகத் தெரியாது: எக்ஸாஸ்ட் மாறும்போது அதே இன்டேக் அழுத்தத்தில் சிலிண்டர் நிறையும் அளவு மாறிவிடுகிறது, அட்டவணையோ பழைய எக்ஸாஸ்ட்டுக்கு எழுதியது.

இவற்றோடு, எக்ஸாஸ்ட்டில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஓ2 சென்சாரும் இருக்கிறது. கம்பெனி போடும் நேரோபேண்ட் சென்சார் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடும். 0.45-க்கு மேலே போனால் கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே போனால் லீன் (பெட்ரோல் குறைவு). எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அது சொல்லாது. சீரான வேகத்தில் ஓடும்போதும் சூடான ஐட்லிங்கிலும் ஈசியூ இதைக் கேட்டு, கலவையை லாம்டா 1-ஐ (காற்றும் பெட்ரோலும் மிச்சமின்றி எரியும் விகிதம்) சுற்றியே வைத்திருக்கும். இதுதான் க்ளோஸ்டு லூப். த்ராட்டிலை முறுக்கியதும் சென்சாரை மதிக்காமல் அட்டவணைக்குப் போய்விடும். அது ஓப்பன் லூப்.

ஆக, எக்ஸாஸ்ட்டும் ஃபில்டரும் மாற்றிய வண்டி சீராக ஓடும்போது கம்பெனி கலவையிலேயே இருக்கும். முறுக்கும்போது லீனாகும். டியூனர் வேலை செய்ய வேண்டிய இடம் இந்த இரண்டாவது பகுதி.

சந்தையில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

விலை குறைந்தது, சென்சாரை ஏமாற்றும் வகை. பூஸ்டர்ப்ளக் போன்றவை காற்று வெப்ப சென்சாரின் இடையே உட்கார்ந்து, காற்று உண்மையைவிடச் சுமார் 20 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதாக ஈசியூவிடம் சொல்லும். 30 டிகிரி காற்றை 10 டிகிரி என்று நம்பினால் ஈசியூவின் கணக்கில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் கூடும், பெட்ரோலும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். ஓப்பன் லூப்பில் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற பாகுபாடு கிடையாது. தாழ்ந்த ஆர்பிஎம்மில் திக்கித் திணறும் ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள) வண்டிக்கு இது நன்றாகவே உதவும். முழு எக்ஸாஸ்ட் போட்ட வண்டிக்குக் குத்துமதிப்பு வைத்தியம்.

அடுத்தது, இன்ஜெக்டர் வயரில் இடையே நின்று பல்ஸை நீட்டும் பட்டன் வகைப் பெட்டிகள். டோபெக், கோப்ரா போன்றவை இந்த ரகம். க்ரூஸ் (சீரான வேகம்), ஆக்ஸிலரேஷன், ஃபுல் த்ராட்டில் என்று மண்டலம் பிரித்து ஒவ்வொன்றிலும் கூட்டலாம். லேப்டாப் தேவையில்லை. ஆனால் நீங்கள் வைத்த அமைப்பு சரியா என்று அந்தப் பெட்டியால் சொல்ல முடியாது.

மூன்றாவது, மேப் உள்ள பிக்கிபேக்: கம்பெனி ஈசியூவை வைத்துக்கொண்டே அதன் சிக்னலைத் திருத்தும் பெட்டி. டைனோஜெட்டின் பவர் கமாண்டர், ரேபிட்பைக், பவர்ட்ரானிக் ஆகியவை. த்ராட்டில் 0, 2, 5, 10, 20 என்று 100 வரை ஒரு பக்கமும், ஆர்பிஎம் படிகள் மறுபக்கமும் உள்ள கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை சதவீதம் கூட்டு அல்லது குறை என்று எழுதலாம். பல பெட்டிகள் பெட்ரோலை மட்டும் மாற்றும். பவர்ட்ரானிக் போல இக்னிஷனையும் தொடுபவை உண்டு. வயரைக் கழற்றினால் வண்டி பழையபடி ஸ்டாக்.

நான்காவது, ரீஃப்ளாஷ். பெட்டி எதுவும் இல்லாமல் ஈசியூவுக்குள் இருக்கும் அட்டவணையையே மாற்றி எழுதுவது. ஜப்பானிய பைக்குகளுக்கு வூலிச் ரேசிங், எஃப்டிஈசியூ. ஹார்லிக்கு பவர் விஷன், வான்ஸ் அண்ட் ஹைன்ஸின் எஃப்பி வரிசை. பழைய ட்ரையம்ப், கேடிஎம் பலவற்றுக்கு டியூன்ஈசியூ. பெட்ரோல், இக்னிஷன், ரெவ் லிமிட், ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பம், டிசெலரேஷன் கட் (த்ராட்டிலை விட்டதும் பெட்ரோலை நிறுத்துவது), ரைட்-பை-வயர் (த்ராட்டிலைக் கேபிளுக்குப் பதில் மோட்டார் திறக்கும்) வண்டியில் த்ராட்டில் தட்டு திறக்கும் வேகம் என்று பிக்கிபேக் தொட முடியாத பலவற்றை இது தொடும்.

கடைசியாக, கம்பெனி ஈசியூவைத் தூக்கிவிட்டு வேறு ஈசியூ வைப்பது. லேசான மாற்றத்துக்கு அது வேண்டாத செலவு.

அப்படியென்றால் எதை எடுப்பது?

உங்கள் மாடலுக்கு நம்பகமான ரீஃப்ளாஷ் இருந்து, அதைச் செய்யத் தெரிந்தவரும் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கூடுதல் வயர் இல்லை, நனைய கனெக்டர் இல்லை, பழுதாக ஒரு பெட்டி இல்லை. ஓ2 சென்சாரின் இலக்கையும் உள்ளேயே மாற்றலாம்.

ஈசியூ பூட்டப்பட்டு ஃப்ளாஷ் செய்ய வழி இல்லையென்றால், அல்லது வண்டியை அடுத்த வருடம் விற்கப்போகிறீர்கள் என்றால், மேப் உள்ள பிக்கிபேக். பட்டன் பெட்டியை எடுக்க நல்ல காரணம் ஒன்றுதான்: உங்கள் மாடலுக்கு மற்ற இரண்டும் வராதிருப்பது. சென்சாரை ஏமாற்றும் பிளக் என்பது ஸ்டாக் வண்டிக்காரருக்கானது; எக்ஸாஸ்ட் மாற்றியவர் அதற்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து டைனோவுக்குக் கொடுப்பது மேல்.

பிக்கிபேக் போட்டேன், க்ரூஸில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பெட்டி பழுதா?

பழுதில்லை. நீங்கள் 5 சதவீதம் கூட்டுகிறீர்கள், ஓ2 சென்சார் ரிச் என்கிறது, ஈசியூ 5 சதவீதம் குறைக்கிறது. க்ளோஸ்டு லூப் இருக்கும்வரை இந்த இழுபறி ஓயாது. நீண்டகாலத் திருத்தத்தை நினைவில் வைக்கும் ஈசியூவாக இருந்தால் இன்னும் மோசம்: க்ரூஸில் கற்ற குறைப்பை ஓப்பன் லூப்பிலும் போட்டு, முறுக்கும்போது வேண்டிய பெட்ரோலையும் சேர்த்து வெட்டிவிடும்.

இதற்காகத்தான் பல கிட்களில் ஓ2 எலிமினேட்டர் அல்லது ஆப்டிமைசர் வருகிறது. எலிமினேட்டர் ஒரு போலி சிக்னல். க்ளோஸ்டு லூப்பையே நிறுத்திவிடும், அதன்பிறகு க்ரூஸ் கலவையும் உங்கள் பொறுப்பு. ஆப்டிமைசர் சென்சாரை வைத்துக்கொண்டே காற்று-பெட்ரோல் விகிதத்தின் (ஏஎஃப்ஆர்) இலக்கை 14.7-லிருந்து 13.6 பக்கம் நகர்த்தும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு ஆப்டிமைசர் நல்லது. அல்லது க்ரூஸ் கட்டங்களைச் சுழியத்திலேயே விட்டு, முறுக்கும் பகுதியை மட்டும் திருத்துங்கள். மைலேஜும் கெடாது. இந்த எளிய வழியைப் பெட்டி விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை.

ஏஎஃப்ஆர் எவ்வளவு இருக்க வேண்டும்?

லாம்டாவில் பேசுவது பாதுகாப்பு. முழு த்ராட்டிலில் 0.87 முதல் 0.90; பெட்ரோல் கணக்கில் 12.8 முதல் 13.2. சீரான க்ரூஸில் 0.95 முதல் 1.0. ஐட்லிங்கில் 0.92 முதல் 0.97. காற்றால் குளிரும் இன்ஜின் என்றால் ஒவ்வொன்றிலும் ரிச் பக்கமாகக் கொஞ்சம் சாயுங்கள், ஹெட் சூடு அடங்கும்.

லாம்டா ஏன் என்றால், 14.7 என்ற எண் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு மட்டுமே பொருந்தும். 10 சதவீத எத்தனால் கலந்தால் அது 14.1 ஆகிறது, 20 சதவீதம் கலந்தால் 13.5 பக்கம். அதே லாம்டாவுக்கு 20 சதவீத எத்தனாலில் சுமார் 8 சதவீதம் அதிகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குப் போட்ட மேப்பை அப்படியே ஏற்றினால் முழு த்ராட்டிலில் லீனாவது இதனால்தான். வைட்பேண்ட் மீட்டர் (எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்றும் சொல்லும் சென்சார் உள்ளது) உண்மையில் அளப்பது லாம்டாவை, அதை 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. ஆகவே எத்தனால் பெட்ரோலிலும் மீட்டரில் 13.0 என்றால் லாம்டா 0.88 தான். மீட்டரின் எண்ணையும் புத்தகத்தில் உள்ள 13.5-ஐயும் ஒப்பிட்டுக் குழம்பவேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் மேப் போதுமா?

தொடங்க நல்லது. உங்கள் வண்டியின் வருடம், எக்ஸாஸ்ட்டின் பிராண்ட், பேஃபிள் (சத்தத்தைக் குறைக்கும் உள்தடுப்பு) இருக்கிறதா இல்லையா, ஃபில்டர் வகை நான்கும் பொருந்த வேண்டும். வருடத்தை அலட்சியம் செய்யாதீர்கள்: மாசு விதி மாறும் வருடத்தில் அதே பெயருள்ள வண்டியின் உள் அட்டவணையே வேறாக இருக்கும். பிக்கிபேக் மேப் என்பது அந்த அட்டவணைக்கு மேலே போடும் சதவீதம். அடியில் இருப்பது மாறினால் மேலே போட்டதும் தப்பு.

ஆட்டோடியூன் வாங்கினால் டைனோ வேண்டாமே?

பாதி உண்மை. ஆட்டோடியூன் வைட்பேண்ட் சென்சாரை வைத்து, ஓடும்போது ஒவ்வொரு கட்டத்திலும் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று குறித்துத் திருத்தும். சென்சார் வைக்கும் இடம் சரியாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். எக்ஸாஸ்ட்டில் 18 மில்லிமீட்டர் நட்டைப் பற்றவைக்க வேண்டும். கடிகார முள்ளில் 10-க்கும் 2-க்கும் இடையில், மேல்நோக்கி. கீழ்நோக்கி வைத்தால் காலையில் பைப்பில் தேங்கும் நீர் சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். பைப்பின் வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெளிக்காற்று கலந்து லீன் என்று பொய் சொல்லும்.

திருத்தத்தின் எல்லையை முதலில் கூட்டலுக்கும் குறைத்தலுக்கும் 10 சதவீதமாக வையுங்கள். இன்ஜின் முழுச்சூடான பிறகு மட்டும் பதிவு செய்யுங்கள். 0 சதவீத த்ராட்டில் வரிசையில் வரும் திருத்தங்களை ஏற்காதீர்கள், அங்கே டிசெலரேஷன் கட் நடப்பதால் எண்களுக்கு அர்த்தம் இல்லை. ஏற்றுக்கொண்ட மேப்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் +3, +14, −2 என்று குதித்தால் கையால் சமன் செய்யுங்கள்.

ஆட்டோடியூன் செய்யாதது இக்னிஷன். கலவை சரியாக இருந்தும் டைமிங் அதிகமாக இருந்தால் இன்ஜின் தட்டும் (நாக்கிங்). அதைக் காண்பது டைனோவில்தான்.

எந்த டைனோவுக்குப் போவது?

பிரேக் உள்ள டைனோ. உருளையைச் சுழற்றி மட்டும் அளக்கும் இனர்ஷியா டைனோவில் முழு த்ராட்டில் கோடு தெரியும். 20 சதவீத த்ராட்டிலில் 4000 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்திக் கலவையைப் பார்க்க முடியாது. நீங்கள் அன்றாடம் ஓட்டுவதோ அந்தக் கட்டங்களில்தான். பிரேக் இருக்கிறதா, கட்டம் கட்டமாகச் செய்வீர்களா, மேப் ஃபைலைத் தருவீர்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே திருத்தக் கணக்கில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். வானிலைக்கேற்ப அளவைத் திருத்தும் இரண்டு கணக்குகளில் எஸ்டிடி கணக்கு எஸ்ஏஈ கணக்கைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும். அந்த 4 சதவீதமே சில கடைகளின் டியூனிங்.

வாங்குவதற்கு முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு, இன்டேக் ரப்பரில் விரிசல், வால்வு க்ளியரன்ஸ், பிளக், த்ராட்டில் பாடி சிங்க் (சிலிண்டர்களுக்கு இடையே காற்றுச் சமன்), ஃப்யூவல் பம்ப் அழுத்தம் (பல பைக்குகளில் சுமார் 3 பார்). அழுத்தம் 3-லிருந்து 2.5-க்கு இறங்கியிருந்தால் பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறையும். அந்த நோயை மேப்பில் மூடி மறைத்தால் பம்ப் மாற்றிய அன்று வண்டி ரிச்சில் புகையும்.

இன்ஜெக்டரில் இன்னும் எவ்வளவு கூட்ட இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். 10000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய (கிராங்கின் இரண்டு சுழற்சி) 12 மில்லி செகண்ட்தான். ஸ்டாக்கில் 9 மில்லி செகண்ட் திறந்திருந்தால் 75 சதவீத டியூட்டி (மொத்த நேரத்தில் திறந்திருக்கும் பங்கு). அதில் 15 சதவீதம் கூட்டினால் 86 சதவீதத்தைத் தாண்டுகிறது. 85-க்கு மேலே கட்டுப்பாடு தளர்ந்துவிடும். லேசான மாற்றத்தில் இந்த எல்லை அபூர்வமாகத்தான் வரும், ஆனால் சின்ன இன்ஜெக்டர் உள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் வரக்கூடும்.

பிக்கிபேக்கை நானே பொருத்தலாமா?

கனெக்டருக்குக் கனெக்டர் வரும் கிட் என்றால் தாராளமாக. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டேங்கைத் தூக்கி முட்டுக் கொடுங்கள். பெட்ரோல் ஹோஸைப் பிரிக்க வேண்டியிருந்தால் அழுத்தம் இறங்கியபின் மட்டும் பிரியுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி கிட்டை இடையே கோர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் 1-ம் சிலிண்டரும் 2-ம் சிலிண்டரும் மாறிப்போகும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இரண்டு சிலிண்டர்களின் திருத்தமும் இடம் மாறியிருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். பிறகு த்ராட்டில் சென்சார் வயர், கிராங்க் சென்சார் வயர். எர்த் வயரை ஃபிரேமில் மாட்டாமல் நேரே பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். பெட்டியை சீட்டுக்கடியில், நீர் தெறிக்காத இடத்தில், கனெக்டர் கீழே பார்க்கும்படி ஒட்டுங்கள். வயர் பெண்ட் பைப்புக்கும் (இன்ஜினிலிருந்து இறங்கும் சூடான எக்ஸாஸ்ட் குழாய்) ஹேண்டில் திரும்பும் இடத்துக்கும் பக்கம் போகக்கூடாது.

கடைசியில் பலரும் விடுவது: சாஃப்ட்வேரில் த்ராட்டில் அளவீடு. மூடியபோதும் முழுக்கத் திறந்தபோதும் எத்தனை வோல்ட் என்று பெட்டிக்குக் கற்பிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் 20 சதவீதம் திறக்கும்போது பெட்டி 12 சதவீதக் கட்டத்தைப் படிக்கும். எவ்வளவு நல்ல மேப்பும் உளறும்.

பொருத்தியபின் வரும் தொல்லைகள்?

சூடான ஐட்லிங்கில் வண்டி ஆடினால் முதலில் த்ராட்டில் அளவீடு, அடுத்து எர்த். இன்ஜின் லைட் எரிந்தால் ஓ2 வயரையோ போலி சிக்னலையோ பாருங்கள். மழையில் மட்டும் மிஸ் அடித்தால் கனெக்டரில் நீர். டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் தடுக்கினால் மேப்பில் அந்தக் கட்டம் பக்கத்துக் கட்டங்களோடு ஒட்டவில்லை.

பிளக் கரியாகக் கறுத்து, ஆயிலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் கலவை வெகுவாக ரிச். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், ரிங் தேயும். பெட்ரோலைக் கூட்டினால் பாதுகாப்பு என்று எல்லாக் கட்டத்திலும் 10 சதவீதம் போடும் பழக்கம் இங்கேதான் கொண்டுபோய் விடும்.

த்ராட்டிலை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. டியூனர் போட்டால் நிற்குமா?

முதலில் எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவைத் தேடுங்கள். அடுத்தது செகண்டரி ஏர் சிஸ்டம்: எக்ஸாஸ்ட் போர்ட்டில் புதுக்காற்றைவிட்டு, எரியாத பெட்ரோலை அங்கேயே எரிக்க வைக்கும் வால்வு. திறந்த மஃப்ளரில் அந்தச் சத்தம் அப்படியே வெளியே கேட்கிறது. இன்ஜினுக்குத் தீங்கில்லை. இந்த இரண்டையும் பார்க்காமல் 0 சதவீத வரிசையில் பெட்ரோலைக் கூட்டிச் சத்தத்தை அடக்குவது மைலேஜைக் கெடுக்கும். கலவையை வைட்பேண்டில் அளக்கும்போது மட்டும் அந்த வால்வின் ஹோஸை அடைத்துவைக்க வேண்டும். இல்லையென்றால் கலந்த காற்றால் சென்சார் பொய் லீன் காட்டும்.

ரீஃப்ளாஷில் என்ன ஆபத்து?

பாதியில் பேட்டரி இறங்கினால் ஈசியூ செத்துப்போகலாம். ஆகவே சார்ஜர் மாட்டி, ஹெட்லைட் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு எழுதுங்கள். ஒரிஜினல் ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் சேமிக்காமல் எதையும் எழுதவேண்டாம். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் உங்கள் மேப் அழிந்துவிடும். வண்டி திடீரென்று பழையபடி திணறினால் காரணம் அதுவாக இருக்கலாம். வாரண்டி உள்ள வண்டியில் ஃப்ளாஷ் செய்ததை டீலரின் கருவி கண்டுபிடிக்கக் கூடும் என்று எண்ணியே செய்யுங்கள். கன்வெர்ட்டரைக் கழற்றி, ஓ2 சென்சாரை அணைத்த வண்டி பல நாடுகளின் சாலை விதியில் தேறாது. அந்த மேப்கள் ட்ராக்குக்கென்றே விற்கப்படுகின்றன.

மலைக்குப் போனால் மேப்பை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். அதைக் கம்பெனி ஈசியூவின் அழுத்த சென்சார் கவனித்துக்கொள்ளும். பிக்கிபேக் போடுவது சதவீதம் என்பதால் குறைந்த அளவின் மேலும் அதே விகிதத்தில் சேரும்.

பழைய டியூனரை இரண்டாம் கையில் வாங்கலாமா?

பிக்கிபேக்கை வாங்கலாம், ஆனால் கிட்டின் வயரிங் உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரியதா என்று பார்ட் நம்பரை வைத்துப் பாருங்கள், பெட்டி ஒன்றாகத் தெரிந்தாலும் வயரிங் வேறாக இருக்கும். ரீஃப்ளாஷ் கருவி அப்படியல்ல. பல கருவிகள் முதல் வண்டியின் ஈசியூவோடு பூட்டிக்கொள்ளும். விற்பவர் தன் வண்டியை ஸ்டாக்குக்குத் திருப்பி அந்தப் பூட்டை விடுவித்தாரா, இல்லையென்றால் புதிய லைசென்ஸ் தனியாக வாங்க முடியுமா என்று உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள்.